போன் இல்லாத சுற்று

இசக்கிப்பாண்டி: ...வீடியோவுல மொகம் விழுதா, இல்ல முதுகு மட்டுந்தானா?

ஜெயசிங்: எல்லாம் விழுது. நீ முன்னால பாத்து நடலே. பந்தியில எடம் தேடுதவன் மாதிரி சும்மா சும்மா திரும்பாத.

இசக்கிப்பாண்டி: என் கையில போன் இல்லங்கது தெளிவா விழணும் ஜெயசிங்கு. அதுக்குத்தான் ரெண்டு கையையும் கும்பிட்டுக்கிட்டே வாரேன்.

ஜெயசிங்: கும்பிட்ட கைக்குள்ள சின்னதா ஒண்ணு ஒளிச்சு வச்சிருக்கன்னு உம் பொண்டாட்டி சொன்னா?

இசக்கிப்பாண்டி: அதுவும் சரிதான்... அப்போ விரிச்சு வச்சுக்கிடுதேன். இப்படி. இப்போ?

ஜெயசிங்: இப்போ காணிக்க கேக்க மாதிரி இருக்கு. பேசாம தொங்கப் போட்டு நட.

இசக்கிப்பாண்டி: என் போன எங்க வச்சிருக்க?

ஜெயசிங்: என் சட்டப்பையில பத்திரமா இருக்கு.

இசக்கிப்பாண்டி: யாரும் கூப்புட்டாகளா?

ஜெயசிங்: இன்னும் அஞ்சு சுத்துகூட முடியல. அதுக்குள்ள கை அரிக்குதோ?

இசக்கிப்பாண்டி: இல்லடே. ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

ஜெயசிங்: நானும் ஒண்ணு கேக்கட்டா? ஆடித்தபசுக்கு ஊரே கோயிலச் சுத்துது. அம்மன் ஒத்தக்கால்ல நின்னு தவம் இருக்கா, அவ கால் வலிய நாம கொஞ்சம் வாங்கிக்கிடுவோம்னு சுத்துதாங்க. நல்ல விசயம். ஆனா அத்தன பேரும் உள்ள பிரகாரத்துல நெழலுக்குள்ள சுத்துதான். நீ மட்டும் ஏன் இந்தத் தார் ரோட்டுல, ரத வீதியச் சுத்துத?

இசக்கிப்பாண்டி: உள்ள போன் விட மாட்டாங்கல்லா.

ஜெயசிங்: பிரியா உன்னைய போன் இல்லாமதான சுத்தச் சொன்னா?

இசக்கிப்பாண்டி: ஆமா. 'போனத் தொடாம பதினோரு சுத்து சுத்துங்க, அதுக்குப் பொறவு ஒங்க வீட்டுக்கு வாரதப் பத்தி யோசிக்கேன்'னா.

ஜெயசிங்: அப்போ உள்ள சுத்த வேண்டியதுதான.

இசக்கிப்பாண்டி: உள்ள சுத்துனா போன் இல்லாம சுத்துனேங்கத எதுல எடுத்துக் காட்டுவ? போன்லதான?

ஜெயசிங்: இத யோசிக்கதுக்கு உனக்கு எத்தன நாள் ஆச்சு? நட, நட. உன் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்த பாவத்துக்கு நானும் வாரேன். ஞாயித்துக்கிழம ஆராதனைக்கே பாதியில போற ஆளு நான். என்னைய வெறுங்காலோட அம்மன் கோயிலச் சுத்த வச்சிட்ட.

இசக்கிப்பாண்டி: உனக்கும் புண்ணியந்தான்.

ஜெயசிங்: என் புண்ணியக் கணக்க வேற எடத்துல வச்சிருக்காங்க. இங்க ஏறுனது அங்க மாறுமான்னு தெரியல... ஏ, வடக்கு ரத வீதி வருது. சட்டைய இழுத்து விடு. உன் மாமனார் வீடு.

இசக்கிப்பாண்டி: நான் பாக்க மாட்டேன். நீ பாத்துச் சொல்லு. மாடி ஜன்னல் தொறந்திருக்கா?

ஜெயசிங்: சாத்திக் கெடக்கு.

இசக்கிப்பாண்டி: கொடியில?

ஜெயசிங்: மஞ்சச் சேல ஒண்ணு காயுது.

இசக்கிப்பாண்டி: அவளுதுதான். மஞ்சன்னா அவளுக்கு உசுரு. ஜன்னல் இடுக்கு வழியா பாத்துக்கிட்டே நிப்பா.

ஜெயசிங்: கீழ உன் மாமனார் நிக்காரு. தலையக் குனிஞ்சிருக்காரு.

இசக்கிப்பாண்டி: என் மொகத்துல முழிக்கப் புடிக்காம குனிஞ்சிட்டாரா?

ஜெயசிங்: கோட்டிக்காரா, அவரு போன் பாக்காரு. நீ அவரு கால மிதிச்சாலும் நிமிர மாட்டாரு.

இசக்கிப்பாண்டி: அந்த மனுசன நெனச்சாத்தான் எனக்கு ஒண்ணும் விளங்க மாட்டேங்கு. பிரியா பெட்டியத் தூக்கிட்டு வந்த அன்னைக்கு, 'இந்த ராமசுப்பு பொண்ணுன்னா ஒமக்கு எளக்காரமா, இனிமே எனக்கும் ஒமக்கும் பேச்சே கெடையாது'ன்னு கத்துனாரு. மறுநா விடிஞ்சதும் அவருட்ட இருந்து ஒரு ரோஜாப்பூ. 'இனிய காலை வணக்கம்.' அதுக்கு அடுத்த நாளும். இன்னைக்கு மயிலு.

ஜெயசிங்: நீ என்ன பண்ணுத?

இசக்கிப்பாண்டி: கும்பிடு போடுதேன். மாமனார்லா.

ஜெயசிங்: ரெண்டு பேரும் பேச மாட்டிய, ஆனா தெனமும் பூவும் கும்பிடும் போயிட்டு வந்துட்டு இருக்கு.

இசக்கிப்பாண்டி: இதையும் கேளு. அந்த ரீலு இருக்குல்லா...

ஜெயசிங்: எந்த ரீலு?

இசக்கிப்பாண்டி: தெரியாத மாதிரி கேக்க. இடியாப்ப ரீலுதான்.

ஜெயசிங்: ஊரு தெரிஞ்ச கதைதான், ஆனாலும் உன் வாயால கேட்டதில்ல. சொல்லு. கொஞ்சம் சத்தமாச் சொல்லு, மேளச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல.

இசக்கிப்பாண்டி: சொல்ல என்ன இருக்கு. காலைல இடியாப்பத்துக்கு மாவு பெசஞ்சா. பள்ளிக்கூடத்துல இருந்து யாரோ டீச்சர் கூப்புட்டாங்க, பேசி முடிக்கதுக்குள்ள மாவு ஆறி இறுகிப் போச்சு. எடுத்து இடியாப்ப உரல்ல போட்டு அமுக்குதா, அமுக்குதா, ஒரு நூல்கூட எறங்கல. அதத் தூக்கி ஸ்டூல் மேல வச்சு, மேல ஏறி உக்காந்துட்டா.

ஜெயசிங்: நல்ல ரோசனதான்.

இசக்கிப்பாண்டி: உரல் வழுக்கிருச்சு. மாவு ஒரு பக்கம், உரலு ஒரு பக்கம், இவ ஒரு பக்கம். நான் வாசல்ல நின்னு எடுத்துட்டு இருந்தேன். பாட்டு சேத்துப் போட்டேன். மறுநா காலைல பாக்கேன்... ஜெயசிங்கு, அஞ்சு லட்சம் பேரு.

ஜெயசிங்: சந்தோசமா இருந்துச்சோ?

இசக்கிப்பாண்டி: பொய் சொல்லப்படாது. இருந்துச்சு. உரக்கடைய தொறந்து இத்தன வருசத்துல அஞ்சு பேரு சேந்தாப்புல உள்ள வந்ததில்ல. அங்க அஞ்சு லட்சம். வாசுதேவநல்லூர் பஸ் ஸ்டாண்டுல எவனோ ஒருத்தன் என் கையப் பிடிச்சு 'அண்ணாச்சி, அடுத்தது எப்போ'ங்கான்.

ஜெயசிங்: மாமனார் கதைய விட்டுட்டியே.

இசக்கிப்பாண்டி: ஆங். மூணாம் நாளு அவங்க குடும்பக் குரூப்புல அந்த ரீலு வந்து விழுது. அனுப்புனது யாரு? மாமனாரு. மேல எழுதிருக்காரு, 'இக்காலப் பெண் பிள்ளைகளின் சமையல் லட்சணம். யார் பெற்ற பிள்ளையோ.'

ஜெயசிங்: சொந்த மகளையா?

இசக்கிப்பாண்டி: கண்ணாடி போடாமப் பாத்திருக்காரு. பிரியா அத்தைக்காரி ஒருத்தி 'நீங்க பெத்ததுதான் அண்ணாச்சி'ன்னு கீழ போட்டா. அதுக்கு மாமனாரு அனுப்புன பதிலு ஒரு கட்டவெரல். பாத்துட்டேன்னு அர்த்தமாம்.

ஜெயசிங்: இரு, கொஞ்சம் சிரிச்சுக்கிடுதேன்... கேமரா ஆடுது. பொறவு?

இசக்கிப்பாண்டி: பொறவு என்ன. கால் பொத்துட்டு வருதுடே. இது எத்தனாவது சுத்து?

ஜெயசிங்: ஆறு முடியப் போகுது.

இசக்கிப்பாண்டி: ஏ... நான் ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டியே?

ஜெயசிங்: தப்பாத்தான் இருக்கும். சொல்லு.

இசக்கிப்பாண்டி: கல்யாண வீட்டுல தாலி கட்டுனத நீ நாலு தரம் திருப்பித் திருப்பிக் காட்டலையா? அதே மாதிரி இந்த ஆறு சுத்தையும் வெட்டி ஒட்டிப் பதினொண்ணா ஆக்கிட்டா?

ஜெயசிங்: ஏலே, சாமி காரியம்.

இசக்கிப்பாண்டி: உனக்கு என்னலே எங்க சாமியில அக்கற?

ஜெயசிங்: எனக்குத் தொழில்ல அக்கற. காலைல உன் நெழலு உன்னைய விட நீளம். இப்போ காலுக்கடியில கெடக்கு. ஒட்டுனா நெழலு நீண்டு நீண்டு சுருங்கும். உம் பொண்டாட்டி சயின்ஸ் டீச்சர்.

இசக்கிப்பாண்டி: பில்டர் போட்டு நெழலையே எடுத்துரு.

ஜெயசிங்: நெழல் இல்லாம நடந்தா வேற மாதிரி பயப்படுவா. வா வா, இந்தா மோர்ப் பந்தல். குடி.

இசக்கிப்பாண்டி: நீ காசு போடு. என் காசு அம்புட்டும் போனுக்குள்ள கெடக்கு.

ஜெயசிங்: போன் இல்லன்னா மோருகூடக் குடிக்க வழியில்ல உனக்கு... போடாண்டாம்ங்காக, இது கோயில் மோரு, சும்மாதான். நடந்துக்கிட்டே குடி.

இசக்கிப்பாண்டி: சும்மா சொல்லப்படாது, அந்தப் போன் சவத்தால நல்லதும் நடந்திருக்கு. யூரியா வந்திருக்குன்னு ஸ்டேட்டஸ் போட்டா இளையரசனேந்தல்ல இருந்து வண்டி புடிச்சு வாரான். பிரியா போட்டோவே எனக்கு முதல்ல போன்லதான வந்துச்சு. மஞ்சச் சேல கட்டிருந்தா. ஒரு ராத்திரி பூரா பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தேன்.

ஜெயசிங்: வந்ததும் போன்ல. போனதும் போன்ல. சரி, கோவப்படாத. நான் கேக்க நெனச்சது இதுதான். ஊரு சிரிச்சுது, உன் மாமனாரு கட்டவெரல் காட்டுனாரு. அதோட போயிருந்தா அவ வீட்ட விட்டு வந்திருக்க மாட்டா. வேற என்னமோ நடந்திருக்கு.

இசக்கிப்பாண்டி: அவ கிளாசுப் புள்ளைங்க அத ஸ்டிக்கர் ஆக்கிட்டாங்க.

ஜெயசிங்: என்ன ஸ்டிக்கரு?

இசக்கிப்பாண்டி: வாட்சப்புல அனுப்புவாங்கல்லா. அவ உரல்ல இருந்து சரியுத அந்த ஒரு நிமிசம். கீழ 'இடியாப்பக்கா'. வீட்டுப்பாடம் போடலன்னாலும் அது, பரீச்ச லீவுன்னாலும் அது. ஒருநா அவ கிளாசுக்குள்ள போறா, போர்டு பூரா இடியாப்ப உரலு வரஞ்சு வச்சிருக்கு. திரும்பி நின்னு அழிச்சிருக்கா. அழிச்சு முடிச்சிட்டுத் திரும்பாம அப்படியே நின்னிருக்கா, பெல்லு அடிக்க வரைக்கும்.

ஜெயசிங்: யாரு சொன்னா உனக்கு?

இசக்கிப்பாண்டி: அவதான். சாயங்காலம் வந்து சொன்னா. அழக்கூட இல்ல. 'அழிச்சிருங்க'ன்னு மட்டும் சொன்னா.

ஜெயசிங்: நீ அழிச்சிட்டேல்லா?

இசக்கிப்பாண்டி: அழிச்சிட்டேன்னு சொன்னேன்.

ஜெயசிங்: சொன்னியா, அழிச்சியா?

இசக்கிப்பாண்டி: ஒரு இடியாப்ப மாவு கம்பெனிக்காரன் பேசுனான் பாத்துக்கோ. விளம்பரம் பண்ணித் தாங்க, ஆனா அந்த ரீலு இருக்கணும்னான். நாலு நாள் பொறுத்தா முடிவாயிரும்னான். அதனால...

ஜெயசிங்: அதனால? சத்தமா, சத்தமா. மேளம்.

இசக்கிப்பாண்டி: மேளம் எங்கடே கேக்கு? அது தெக்கு வீதியில போகுது.

ஜெயசிங்: எனக்கு ஒரு காது மந்தம். கல்யாண வீட்டு ஸ்பீக்கர்ல போனது. சொல்லு.

இசக்கிப்பாண்டி: அவள மட்டும் பிளாக் பண்ணிட்டேன். அவ போன்ல பாத்தா இருக்காது. ஊருக்கு இருக்கும்.

ஜெயசிங்: அடப்பாவி.

இசக்கிப்பாண்டி: நாலு நாளுதானேன்னு நெனச்சேன். எவ போன்ல பாத்தாளோ, யாரு காமிச்சாளோ, மறுநாளே பெட்டியத் தூக்கிட்டா. கேட்டா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. 'நீங்க ஒரு நாளு, ஒரு காலைப்பொழுது, அதத் தொடாம இருந்து காமிங்க.' அதுக்குப் பொறவுதான் இந்தப் பதினோரு சுத்து.

ஜெயசிங்: கம்பெனிக்காரன்?

இசக்கிப்பாண்டி: வேற ஒருத்தி தோச மாவுல வழுக்கி விழுந்தாளாம். அங்க போயிட்டான்.

ஜெயசிங்: அப்போ இன்னும் எதுக்குலே அத வச்சிருக்க? வியூஸ எண்ணிக்கிட்டுக் கெடக்கியா?

இசக்கிப்பாண்டி: மொதல்ல அதுக்குத்தான். இப்போ வேற.

ஜெயசிங்: வேற என்ன?

இசக்கிப்பாண்டி: வடக்கு வீதி வந்துட்டு. ஜன்னலப் பாரு.

ஜெயசிங்: சாத்தித்தான் இருக்கு. மாமனாரு நாற்காலி போட்டு உக்காந்துட்டாரு, போன் அப்படியேதான் இருக்கு. நீ பேச்ச மாத்தாத.

இசக்கிப்பாண்டி: வீடு வெறிச்சுன்னு கெடக்குடே. கடைய அடச்சுட்டு வந்து தனியா உக்காந்து அந்த வீடியோவத்தான் பாக்கேன். போட்டது இல்ல, போன்ல எடுத்த முழு வீடியோ. அஞ்சு லட்சம் பேரு பாத்தது துண்டு. மிச்சம் எங்கிட்ட மட்டுந்தான் இருக்கு.

ஜெயசிங்: மிச்சத்துல என்ன இருக்கு?

இசக்கிப்பாண்டி: விழுந்தால்லா... விழுந்து, மாவு அப்புன மூஞ்சியோட தரையில உக்காந்து சிரிக்கா. பாட்டெல்லாம் கெடையாது அதுல. அடுப்புச் சத்தமும் அவ சிரிப்பும். 'ஏங்க, இங்க வாங்க, இந்தக் கூத்தப் பாருங்க'ன்னு கூப்புடுதா. திரும்புதா. நான் போனோட நிக்கதப் பாக்கா.

ஜெயசிங்: ம்.

இசக்கிப்பாண்டி: சிரிப்பு நின்னு போச்சு. 'எடுக்காதீங்க'ன்னு சொன்னா. அது நல்லா இல்லன்னு அங்கன வெட்டிட்டு, பாட்டச் சேத்துப் போட்டேன். என் கையில அது இல்லாம இருந்திருந்தா நானும் போயி பக்கத்துல உக்காந்திருப்பேன். அவ இன்னும் கொஞ்ச நேரம் சிரிச்சிருப்பா. அவ்ளோதான் விசயம்.

ஜெயசிங்: இத எங்கிட்ட சொல்லி என்னடே புண்ணியம்.

இசக்கிப்பாண்டி: யாருட்டயாச்சும் சொல்லணும்லா. ஏ, போன எடு. அந்த ரீல அழிச்சிருதேன்.

ஜெயசிங்: எடுத்தா?

இசக்கிப்பாண்டி: எடுத்தா... தொடணும். தொட்டா சுத்து செல்லாது. சவம், இப்படி ஒரு எடத்துல கொண்டு வந்து நிறுத்திட்டாளே.

ஜெயசிங்: நான் அழிக்கட்டா? பாஸ்வேர்டு சொல்லு.

இசக்கிப்பாண்டி: அது வேண்டாம்.

ஜெயசிங்: ஏன்?

இசக்கிப்பாண்டி: சிரிப்ப.

ஜெயசிங்: இதுக்கு மேலயா சிரிக்கப் போறேன்.

இசக்கிப்பாண்டி: அஞ்சு லட்சம் தாண்டுன அன்னைக்கு மாத்துனேன்... இடியாப்பம். அதுக்குப் பொறவு ஒண்ணு ரெண்டு மூணு.

ஜெயசிங்: சத்தமா.

இசக்கிப்பாண்டி: இடியாப்பம், ஒண்ணு, ரெண்டு, மூணு. போதுமா? தேர இழுக்கவனுக்கும் கேட்டிருக்கும். அழிச்சிட்டு வீடியோ எடுக்கதையும் நிறுத்து.

ஜெயசிங்: இன்னும் நாலு சுத்து இருக்கே. ப்ரூப்பு வேண்டாமா?

இசக்கிப்பாண்டி: வேண்டாம். நம்புனா நம்பட்டும், நம்பலன்னா அடுத்த ஆடிக்கும் சுத்துதேன். இந்த நாலையாவது யாரும் பாக்காம சுத்திக்கிடுதேன். நீ வேணா ஒக்காரு.

ஜெயசிங்: நிறுத்தணும்னா எடுத்திருக்கணும்லா.

இசக்கிப்பாண்டி: என்னது?

ஜெயசிங்: வீடியோவே எடுக்கல மக்கா. காலைல இருந்து சும்மா தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் வாரேன். நீ தலைய ஒதுக்குனது, மாரை நிமித்துனது, எல்லாம் காத்தோட போச்சு.

இசக்கிப்பாண்டி: கோட்டி புடிச்சிருக்கா உனக்கு? அவளுக்கு என்னத்தலே காட்டுவேன்?

ஜெயசிங்: அவ பாக்கணும்னு சொல்லவே இல்லையே. கேக்கணும்னுதான் சொன்னா. நீ காலைல போன எங்கிட்டக் குடுத்துட்டு செருப்பக் கழத்தப் போனேல்லா, அப்போ உனக்கு ஒரு போன் வந்துச்சு. எடுத்தேன். இன்னும் வைக்கல.

இசக்கிப்பாண்டி: ...உன் சட்டப்பையிலயா?

ஜெயசிங்: உன் போன்தான். ஸ்பீக்கர்ல போடுதேன், நீ தொடாத. தங்கச்சி, பேசும்மா. எனக்குக் கை கடுக்கு.

பிரியா: அண்ணன் நடந்த காலுக்கு ஒரு கும்பிடு.

இசக்கிப்பாண்டி: பிரியா... ஏட்டி... எல்லாத்தையும் கேட்டியா?

பிரியா: நெழல எடுக்கதுல இருந்து பிளாக் பண்ணுனது வரைக்கும்.

இசக்கிப்பாண்டி: அது வந்து... நீ ஜன்னலத் தொற. மாடியிலதான இருக்க? நான் வாசல்ல வந்து நேர்ல சொல்லுதேன். உங்க அப்பா இருந்தா இருந்துட்டுப் போறாரு.

பிரியா: எங்கப்பா நிமிர மாட்டாக, அதப் பத்திக் கவலப்படாண்டாம். ஆனா அந்த ஜன்னல எத்தன சுத்து பாத்தாலும் தொறக்காது.

இசக்கிப்பாண்டி: அவ்ளோ கோவமா?

பிரியா: கொடியில காயுறது எங்கம்மா சேல. நான் அங்க இல்ல. விடியக்காலம் முதல் பஸ்ஸப் புடிச்சு வாசுதேவநல்லூர் வந்துட்டேன். ஒங்க அடுப்படியில நின்னுதான் பேசுதேன்.

இசக்கிப்பாண்டி: நம்ம வீட்டுலயா?... அப்போ இந்தச் சுத்து?

பிரியா: அது அம்மனுக்குச் சொன்னது, எனக்கு இல்ல. மிச்ச நாலையும் முடிச்சுட்டே வாங்க.

இசக்கிப்பாண்டி: முடிச்சிருதேன். அந்த ரீல ஜெயசிங்க அழிக்கச் சொல்லுதேன், இந்தா, இப்பவே...

பிரியா: அண்ணன் ஒண்ணும் அழிக்காண்டாம். பாஸ்வேர்டு எனக்கும் நல்லாவே கேட்டுச்சு, இப்போ ஒங்க அக்கவுண்டுக்கு உள்ளதான் இருக்கேன். மாவு பெசஞ்சு ஆற வச்சிருக்கேன், நீங்க வாரதுக்குள்ள நல்லா இறுகிரும். உரலயும் ஸ்டூலயும் எடுத்துப் போட்டாச்சு. இந்தத் தடவ மேல ஏறி நீங்க உக்காருங்க. போன நான் பிடிச்சுக்கிடுதேன்.